ரேடியோ விட்டுப் படித்த பக்கங்கள்

அந்தத் தையல் கூடத்தில் அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளம் கொடுக்கிற முதலாளிக்கே அவளுடைய சொந்தப் பெயர் சட்டென்று வாயில் வராது. நாற்பதைத் தாண்டிய வயது, ஒல்லி உடம்பு, மூக்கு நுனிக்கு இறங்கி வந்துகொண்டே இருக்கும் கண்ணாடி. வேலை, பட்டன் தைப்பது. பள்ளிக்கூடச் சட்டையோ ஆஸ்பத்திரிக் கோட்டோ எதுவானாலும் கடைசியில் பட்டனுக்கு அவள் கைக்குத்தான் வந்தாக வேண்டும். இதில் ரேடியோ எங்கே வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

ஒரு காலத்தில் அங்கே நிஜ ரேடியோ ஒன்று இருந்தது. இஸ்திரிக்காரர் ஒரு நாள் வீட்டுத் தகராறு ஏதோ நினைப்பில், கொதிக்கிற இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி அதன் தலையில் வைத்துவிட்டார். பாடிக்கொண்டிருந்த பெட்டி ஒரு முனகல் முனகிவிட்டு, உருகி, மேசையோடு மேசையாக ஒட்டிக்கொண்டது. புதிதாக ஒன்று வாங்கித் தர முதலாளிக்கு மனம் வரவில்லை. கூடமே உம்மென்று ஆகிப்போனது. அப்போதுதான் இவள், பட்டன் பொட்டலம் சுற்றி வந்த பத்திரிகைத் தாளைப் பிரித்து, சும்மா இருக்க முடியாமல், அதிலிருந்த தொடர்கதையை வாய்விட்டுப் படித்தாள். தாள் பாதியில் கிழிந்திருந்தது. "அப்புறம்?" என்று ஐந்தாறு பேர் ஒரே குரலில் கேட்டார்கள். பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் 'அப்புறம்' என்று கேட்டதில்லை. அன்று முழுக்க அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டீ வரும் வரைக்கும் எந்த மெஷினும் ஓடக்கூடாது. கைவேலை மட்டும்தான்: பிசிறு வெட்டுவது, மடிப்பு தைப்பது, மடித்து அடுக்குவது. ரேடியோ நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கதை படிப்பாள். அவள் பங்குப் பட்டனை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துத் தைத்துக் கொடுப்பார்கள். மேற்பார்வை அம்மா முதலில் குதித்தாள். பிறகு பார்த்தால், மதியம் கதை கேட்க வேண்டுமே என்ற பதற்றத்தில் காலையிலேயே எல்லாரும் மெஷினைப் பறக்க விடுகிறார்கள், வேலை முன்பைவிட அதிகம் நடக்கிறது. அம்மாவும் வாயை மூடிக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கூடத்தில் இப்படி ராணி மாதிரி உட்கார்ந்திருப்பவள் வீட்டில் இருக்கிற இடம் தெரியாது. அப்பா அம்மா போன பிறகு தம்பி வீட்டோடுதான் இருக்கிறாள். தம்பி நல்லவன். தம்பி பெண்டாட்டியும் கெட்டவள் இல்லை. சங்கடமே அதுதான். முன்னறை ஓரத்தில் ஒரு கட்டில், அதன் அடியில் ஒரு பெட்டி. சாப்பாட்டில் உப்பு தூக்கலாக இருந்தால், பரவாயில்லை நன்றாகத்தான் இருக்கிறது என்பாள். பிள்ளைகள் மின்விசிறியைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டால், எனக்கு வேர்க்கவே இல்லை என்பாள். சண்டை என்று வந்தால் யாராவது ஒருத்தர் வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும், அது தம்பியாக இருக்காது. இது அவளாகப் போட்டு வைத்திருந்த கணக்கு. அதனால் யாரோடும் சண்டை போடுவதில்லை. பஸ்ஸில் எவனாவது அவள் காலை மிதித்துவிட்டால்கூட இவள்தான் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்பாள்.

இப்போது அந்த நாவலுக்கு வருவோம். முதல் பாகத்தைப் படித்தபோது கூடமே கிறங்கிப் போய்க் கிடந்தது. கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற ஒரு டீச்சர். அவளிடம் படிக்க வருகிற ஒருத்தன். நன்றாக ஓட்டத் தெரிந்தும், வகுப்பு முடிந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு தேர்விலும் வேண்டுமென்றே எதிலாவது கொண்டுபோய் இடிப்பான். கூடத்தில் அவனுக்கு 'ஃபெயில்' என்றே பெயர் விழுந்துவிட்டது. லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரி அவனைப் பார்த்தாலே ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொள்கிற இடத்தில் துணியோரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் அக்கா சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கலே வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் அவன் ஒரு வழியாகப் பாஸ் ஆகி, லைசென்ஸை வாங்கின கையோடு டீச்சரிடம் மனசைத் திறந்து கேட்கிறான். டீச்சர் பதில் சொல்ல வாயைத் திறக்கிறாள். அத்தோடு முதல் பாகம் முடிந்தது. எழுதின மனுஷன் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கு அவனுக்கே பட்டன் ஓட்டை குத்திக் காஜா போட்டிருப்பார்கள்.

கதை கேட்டவர்களில் கட்டிங் மாஸ்டரும் ஒருவர். ஐம்பதை எட்டப் போகிற தனிக்கட்டை. கழுத்தில் இஞ்ச் டேப், பாக்கெட்டில் சாக்கட்டி, வாயில் மட்டும் பேச்சு கிடையாது. ஃபெயில் மனசைத் திறந்த பக்கத்தை ரேடியோ படித்த அன்று, அவர் ஒரு கட்டுத் துணியில் எல்லாச் சட்டைக்கும் இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைத்துவிட்டார். கத்தரிக்கோல் பிடித்த நாளிலிருந்து அவர் செய்யாத தப்பு அது. மேற்பார்வை அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் பட்டன் அலமாரிப் பக்கம் வந்து நின்றார். டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"எனக்கும் யாருமில்ல. உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா..." என்று ஆரம்பித்தவர், அந்த 'இல்லைன்னா'விலேயே நின்றுவிட்டார்.

ரேடியோவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. காது மடலெல்லாம் சூடாகிப் போனது. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்ல மனசும் இல்லை. என்ன சொல்கிறோம் என்று தெரியாமல், "ரெண்டாம் பாகம் வரட்டும் மாஸ்டர். டீச்சர் என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு நானும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டாள்.

வாய்க்கு வந்த பேச்சு அது. மாஸ்டர் அதை எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமாகவே எடுத்துக்கொண்டார். வாரம் தவறாமல் புத்தகக் கடைக்குப் போய், ரெண்டாம் பாகம் வந்துவிட்டதா என்று கேட்பார். கடைக்காரர் அவர் தலையைப் பார்த்ததுமே தூரத்திலிருந்து கையை விரிப்பார். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. கூடத்தில் வேறு ஒருவருக்கும் இந்த விஷயம் தெரியாது. ஊசி விழுந்தால்கூட ஊர் முழுக்கச் சொல்கிற ஓவர்லாக் அக்காவுக்கே மூக்கில் வியர்க்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெண்டாம் பாகம் வந்தது. ரேடியோ புத்தகத்தைக் கையில் எடுத்தபோது கூடத்தில் பிசிறு வெட்டுகிற சத்தம்கூட இல்லை. முதல் பக்கத்திலேயே டீச்சர் சரி என்று சொல்லிவிட்டாள். மூன்றாம் பக்கத்தில் கல்யாணமே முடிந்துவிட்டது. காஜா எடுக்கிற பெண் கைதட்டினாள். அவளுக்கே கல்யாணமாகி ஆறு மாசம்தான். டீ நேரத்தில் மாஸ்டர் ரேடியோ பக்கம் வந்து, டீச்சர் சொல்லிவிட்டாரே என்று தரையைப் பார்த்துச் சொன்னார். புத்தகம் முழுசாக முடியட்டும் என்று ரேடியோவும் அதே தரையைப் பார்த்துச் சொன்னாள். அவருக்கென்ன, காத்திருந்து பழகின மனுஷன். தலையாட்டிவிட்டுப் போனார்.

நான்காம் பக்கத்திலிருந்து ஆரம்பித்தது வினை. லைசென்ஸ் வாங்கிவிட்ட ஃபெயில் இப்போது டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, டீச்சருக்கே கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறான். "பாத்து, பாத்து, லெஃப்ட்ல வரான் பாரு" என்கிறான். ஈரக் குடையைக் கொண்டுவந்து சமையலறையில் விரித்து வைக்கிறான். அவள் பதிலுக்கு அவன் செருப்பை ஜன்னல் வழியாக வீசுகிறாள். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டு, வாசலில் நிற்கிற காரின் ஹாரனை அடித்துப் பேசிக்கொள்கிறார்கள். சாப்பாட்டுக்கு ஒரு ஹாரன், குளியலறை காலியாகிவிட்டது என்பதற்கு இரண்டு. எதிர்வீட்டுக்காரர் போலீசில் புகார் கொடுக்கிறார்.

கூடம் இரண்டாகப் பிளந்தது. நம்ம ஃபெயில் இப்படிப்பட்ட ஆளா, இவனுக்காகவா இரண்டு வருஷம் உருகினோம் என்று காஜாப் பெண் மூக்கைச் சிந்தினாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனவள், குடையே இல்லாத தன் புருஷனிடம் குடைக்காகச் சண்டை போட்டாளாம். ஓவர்லாக் அக்கா தொடையைத் தட்டி ரசித்தாள். முதல் பாகம் கனவு, இதுதான் குடித்தனம், எழுதினவன் கட்டாயம் கல்யாணமானவன் என்று அடித்துச் சொன்னாள். இஸ்திரிக்காரர் ஃபெயில் திட்டு வாங்குகிற ஒவ்வொரு இடத்திலும் தலையை ஆட்டி ஆட்டி, ஒரு காலரைக் கருக்கிவிட்டார். மேற்பார்வை அம்மாவுக்கு இது காதல் கதையா பஞ்சாயத்தா என்றே விளங்கவில்லை. வாக்குவாதம் முற்றி, ஒரு கட்டு ஆஸ்பத்திரிக் கோட்டுக்குக் காஜா இருக்கிற பக்கமே பட்டனையும் தைத்து வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், ஒரு புத்தகத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

ரேடியோ பாடுதான் திண்டாட்டம். ஒவ்வொரு சண்டையைப் படிக்கும்போதும் ஓரக்கண்ணால் மாஸ்டரைப் பார்ப்பாள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது, சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருப்பார். அடடா, பெண்ணைக் கேட்டு வைத்தோமே, இதுதானா கிடைக்கப்போகிறது என்று இந்த மனுஷன் பயந்துவிட்டால்? அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் அவளுக்குள்ளேயே இருந்தது. இப்படி ஒருத்தரிடம் கத்திவிட்டு, மறுபடி அதே வீட்டில் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது? அவள் யோசித்துப் பார்த்தாள், அவளால் முடியும் என்று தோன்றவில்லை.

அதனால் ஒரு காரியம் செய்தாள். வாய்விட்டுப் படிக்கிறவர்களுக்கு மட்டுமே செய்ய வாய்க்கிற தப்பு அது. காலையில் பஸ்ஸில் வரும்போதே அன்றைய பக்கங்களைப் பார்த்து, சண்டை வருகிற இடத்துக்கெல்லாம் பென்சிலால் ஓரத்தில் கோடு கிழித்துக்கொண்டாள். மதியம் அந்த இடம் வந்ததும் மூச்சு விடாமல் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாள். கேட்கிறவர்களுக்கு என்ன தெரியும்? ஃபெயிலும் டீச்சரும் கடற்கரைக்குப் போனார்கள், காற்று வாங்கினார்கள், திரும்பி வந்தார்கள், தூங்கினார்கள். மறுநாள் பூங்காவுக்குப் போனார்கள்.

காஜாப் பெண்ணுக்குப் பரம திருப்தி. அதுவும் இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் அவளே கொட்டாவி விட்டாள். ஓவர்லாக் அக்கா சுவரில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தாள். இஸ்திரிக்காரர் மட்டும் விடவில்லை. அந்தக் குடை என்ன ஆனது, கார்க் கண்ணாடி எப்படி உடைந்தது, எதிர்வீட்டுக்காரர் ஏன் தலையில் கட்டுப் போட்டிருக்கிறார் என்று குடைந்து எடுத்தார். ரேடியோ வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளித்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், மாட்டாமல் இருப்பாளா? டீச்சர் கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகிற அத்தியாயத்தை முழுதாக முழுங்கிவிட்டு, அவள் திரும்பி வருகிற இடத்தை மறந்துபோய்ப் படித்துவிட்டாள்.

"எங்க போயிருந்தா அவ?" என்று கேட்டார் இஸ்திரிக்காரர்.

"கடைக்கு."

"மூணு பெட்டியோடயா?"

ரேடியோ அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினாள். பெரிய கடை என்றாள். யாரும் நம்பவில்லை. ஆனால் பழியெல்லாம் எழுதினவன் தலையில் விழுந்தது. முதல் பாகத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது, காசுக்காக ரெண்டாம் பாகத்தை இழுத்திருக்கிறான், முன்னுக்குப் பின் முரண், உப்புச் சப்பு இல்லை. ஆளாளுக்குத் துவைத்துக் காயப்போட்டார்கள். இரண்டாகப் பிளந்திருந்த கூடம் இப்போது ஒற்றுமையாகிவிட்டது, புத்தகம் சரியில்லை என்பதில். மேற்பார்வை அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். இதை இத்தோடு மூடிவிடலாம், திங்கட்கிழமையிலிருந்து ஒரு துப்பறியும் கதையை ஆரம்பிக்கலாம், சம்மதம் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள்.

கைகள் மளமளவென்று உயர்ந்தன. ரேடியோ புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள். நியாயமாக அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். புத்தகம் முடியாவிட்டால் பதிலும் சொல்ல வேண்டாம், தம்பி வீட்டுக் கட்டில் இருக்கவே இருக்கிறது. நிம்மதி வரவில்லை. இந்த மனுஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லாமலே காலம் போய்விடப் போகிறதே, எல்லாம் நம்முடைய கோழைத்தனம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

அப்போது கட்டிங் மேசைப் பக்கமிருந்து பேச்சு வந்தது. மாஸ்டர்தான். கூட்டத்தில் அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"புத்தகத்து மேல தப்பு இல்ல. பாதிப் புத்தகம் நாம இன்னும் கேக்கவே இல்ல."

சொல்லிவிட்டு, துணி வெட்ட அளவு வைக்கிற பேட்டர்ன் அட்டைகளை அடுக்கியிருந்த கட்டைத் தூக்கி, அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். அதே அட்டை, அதே கார், அதே டீச்சர். ரெண்டாம் பாகத்தின் இன்னொரு பிரதி. பக்கத்துக்குப் பக்கம் துணித்துண்டு செருகி அடையாளம் வைத்திருந்தது.

கூடம் புத்தகத்தைப் பார்த்தது, பிறகு ரேடியோவைப் பார்த்தது. ஓவர்லாக் அக்காவுக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்துவிட்டது. ரேடியோ தன் புத்தகத்தை மூடினாள். கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. எப்போதும்போல மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒடுங்கிப் போய்விடலாம் என்றுதான் எழுந்தாள். ஆனால் அந்தத் துணித்துண்டுகளைப் பார்த்ததும் வாயிலிருந்து வேறு ஏதோ வந்தது.

"இதை எப்ப வாங்கினீங்க?"

"வந்த அன்னைக்கே."

"அப்ப முடிவு தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே தினமும் ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னு கேட்டுட்டு இருந்தீங்க."

"கதைக்காக நிக்கல," என்றார் மாஸ்டர். "நீங்க எதையெல்லாம் விடுறீங்கன்னு பாத்துட்டு இருந்தேன். சண்டை வர்ற இடமா பாத்து விடுறீங்க. புத்தகத்துலயே நல்லா இருக்கிற இடம் அதுதான். அதுக்கு ஏன் இவ்வளவு பயப்படுறீங்க?"

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் ரேடியோவுக்குள் இத்தனை வருஷமாக மூடி போட்டு வைத்திருந்த ஏதோ ஒன்று அந்தக் கேள்வியில் பொங்கிவிட்டது. கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. அவள் அதை ஏற்றிவிடக்கூட இல்லை.

"பயமா? எனக்கா? குடிச்ச டீ கிளாஸைக் காலருக்குள்ள வச்சுத் தைக்கிற கேன்வாஸ் துணி மேல வைக்கிறீங்க, வட்டம் வட்டமா கறை. நான்தான் தேய்ச்சுத் தேய்ச்சு எடுக்கிறேன். சாக்கட்டியைப் பாக்கெட்லயே வச்சுச் சட்டையைத் துவைக்கிறீங்க, பாக்கெட்டைப் பாருங்க, சுவரு மாதிரி இருக்கு. சோகமா ஒரு வரி வந்தா மூக்கை உறிஞ்சுறீங்க, அடுத்த வரி ஒருத்தருக்கும் கேக்குறதில்ல. அதெல்லாம் போனாப் போகட்டும்னு விட்டேன். இதை விட முடியாது. ரெண்டு பேரும் சேந்து ஒரே கதையைக் கேட்டுட்டு வர்றோம்னு நான் நெனச்சிட்டு இருக்கேன், நீங்க முன்னாடியே ஓடிப்போய் முடிவைப் பாத்துட்டு வந்து நிக்கிறீங்க. நம்ம வீட்டுல இந்தத் திருட்டுப் படிப்பெல்லாம் நடக்காது, சொல்லிட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வாங்கியது. கத்தியாயிற்று. கூரை இடிந்து விழவில்லை. யாரும் அவளை வெளியே போகச் சொல்லவும் இல்லை. திட்டு வாங்கின மனுஷன், பரிசு வாங்கினவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். இஸ்திரிக்காரர் இஸ்திரிப்பெட்டியைக் கவனமாக அதன் இடத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். காஜாப் பெண் வாயைத் திறந்தவள் மூடவில்லை.

முதலில் சுதாரித்துக்கொண்டது ஓவர்லாக் அக்காதான்.

"ஏம்மா ரேடியோ," என்றாள். "எந்த வீட்டுல?"

ரேடியோவுக்கு அப்போதுதான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் மட்டும் தரையைப் பார்த்தார். அவள் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"இனிமேதான் பாக்கணும்," என்றாள்.